பாம்புக்குத் தனியாகச் சாப்பாட்டு டப்பா வேண்டுமா?

கேள்வி: அண்ணாச்சி, கல்லூரியில் படிக்கிற என் மகன் ஒரு வருஷமாக பால் பைத்தான் (Ball Python) என்கிற வெளிநாட்டு மலைப்பாம்பு ஒன்று வளர்க்கிறான். தொட்டிக்குள்ளேயே எலி போட்டால் கையைக் கண்டாலே கடிக்கப் பழகிவிடும், தனி டப்பாவில் வைத்துத்தான் தீனி கொடுக்க வேண்டும் என்று கடையில் சொல்லி, 1,800 ரூபாய்க்கு ஒரு மூடி போட்ட பிளாஸ்டிக் டப்பாவையும் சேர்த்து விற்றார்கள். அதன்படியே டப்பாவுக்கு மாற்றி, தின்று முடித்ததும் தூக்கித் தொட்டியில் விடுவான். போன மாதம் அப்படித் தூக்கும்போது கையைக் கடித்துவிட்டது. இரண்டு நாள் கழித்துத் தின்ற எலியையும் கக்கிவிட்டது. டப்பா அவசியம்தானா? பில்லும் தரவில்லை, துண்டுச் சீட்டுதான். பணத்தைத் திரும்பக் கேட்க முடியுமா?
– ஒரு வாசகி, பாளையங்கோட்டை

பதில்: அவசியம் இல்லை தங்கச்சி. தொட்டிக்குள்ளேயே கொடுங்கள். உங்கள் வீட்டில் நடந்த இரண்டு சங்கடத்துக்கும் அந்த டப்பா மாற்றும் வேலைதான் காரணமாக இருக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

பால் பைத்தானின் உதட்டோரம் சின்னச் சின்னக் குழிகள் இருக்கும். சூட்டை உணர்வது அவற்றால்தான். எலி வாசம் வந்து, கூடவே சூடான ஒன்று அசைந்தால் அதற்கு அது இரை. தின்று முடித்த கையோடு அந்த வேகம் அடங்கிவிடாது. அந்த நேரம் பார்த்து நம் சூடான கை டப்பாவுக்குள் போனால் கடிக்கத்தான் செய்யும். அது விஷமில்லாத பாம்பு, பயம் வேண்டாம். காயத்தை சோப்புப் போட்டுக் கழுவி, டாக்டரிடம் காட்டி டி.டி. ஊசி பற்றிக் கேட்டுக்கொள்ளட்டும்.

கக்கியதும் அப்படித்தான். வயிறு நிறைந்த பாம்பைத் தூக்கி அலைத்தால் தின்றதை வெளியே தள்ளிவிடும். தின்ற பிறகு குறைந்தது 48 மணி நேரம் அதைத் தொடவே கூடாது. எலி பெரிதாக இருந்தாலும், சூடு சரியில்லாவிட்டாலும் கக்கும். தொட்டியின் ஒரு பக்கம் 31, 32 டிகிரி, மறுபக்கம் 26, 27 டிகிரி இருக்க வேண்டும். நம் ஊர் சித்திரை வெயிலில் சூடேற்றுவதைவிடக் குளிர்ந்த பக்கத்தைக் காப்பாற்றுவதுதான் பெரிய பாடு. மாடி அறையில் வைத்திருந்தால் கீழே உள் அறைக்கு இறக்கிவிடுங்கள்.

கடைக்காரர் சொன்னதில் ஒரு சின்ன உண்மை இருக்கிறது. தீனி போட மட்டுமே மூடியைத் திறந்தால், மூடி திறந்தாலே சோறு என்று பாம்பு பழகிவிடும். அதற்கு வழி, தண்ணீர் மாற்ற, சுத்தம் செய்ய, சும்மா தூக்கிப் பார்க்க என்று மற்ற நாளிலும் திறப்பதுதான். தூக்கும் முன் வளைந்த கம்பியால் உடம்பை மெல்லத் தொடச் சொல்லுங்கள். கம்பி பட்டால் இன்று தீனி இல்லை என்பது நாளடைவில் அதற்குப் புரிந்துவிடும். தீனி நாளில் கம்பி வேண்டாம், நீளமான இடுக்கியால் எலியை நீட்டினால் போதும். இடுக்கிக்குச் செலவழிக்கிற காசு வீணாகாது.

தொட்டியில் தேங்காய் நார்க்கழிவு பரப்பியிருந்தால் ஈர எலியில் ஒட்டும். ஒரு பழைய டைல்ஸ் துண்டின்மேல் வைத்துக் கொடுங்கள். ஒன்றிரண்டு நார் உள்ளே போவதால் ஆரோக்கியமான பாம்புக்கு ஒன்றும் ஆகாது. ஒரே தொட்டியில் இரண்டு பாம்பு இருந்தால்தான் தீனிக்குப் பிரிக்க வேண்டிவரும். அப்போதும் நிரந்தரமாகத் தனித்தனித் தொட்டிதான் சரி.

எலி, பாம்பின் உடம்பில் பருத்த இடத்தின் அளவுக்குமேல் போகக் கூடாது. உறைய வைத்த எலியைப் பையோடு வெதுவெதுப்பான தண்ணீரில் போட்டு, உள்வரை இளகிய பிறகு கொடுங்கள். உயிர் எலி பாம்பையே கடித்துக் குதறிவிடும். வீட்டில் பொறியில் விழுந்த எலி வேண்டவே வேண்டாம். எந்த வீட்டு எலி மருந்தைத் தின்றதோ! கக்கிய பாம்புக்கு இரண்டு வாரம் வயிற்றுக்கு ஓய்வு கொடுத்து, தண்ணீர் மட்டும் வைத்து, அப்புறம் சின்ன எலியாகக் கொடுங்கள். மறுபடியும் கக்கினால் காத்திருக்காமல் மருத்துவரிடம் போங்கள். ராமையன்பட்டி கால்நடை மருத்துவக் கல்லூரிக்கு போனில் பாம்பு என்று சொல்லிக் கேட்டுக்கொண்டு போவது நல்லது.

இனி பணம். ஒரு பொருள் தேவை என்று தவறாகச் சொல்லி விற்பதும், பில் தர மறுப்பதும் 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நேர்மையற்ற வணிக முறை. துண்டுச் சீட்டு, போனில் பணம் அனுப்பிய விவரம், கடைக்காரர் அனுப்பிய வாட்ஸ்அப் எல்லாவற்றையும் பத்திரப்படுத்துங்கள். முதலில் கடைக்குப் பதிவுத் தபாலில் ஒரு கடிதம். மசியாவிட்டால் 1915 உதவி எண். அதற்கும் மேல் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். இரண்டு வருஷத்துக்குள் போக வேண்டும், 5 லட்சம் ரூபாய் வரையான பொருளுக்குக் கட்டணம் கிடையாது. ஆனால் டப்பாவுக்காக அவ்வளவு தூரம் அலைய வேண்டாம் என்பது என் எண்ணம். தொட்டி கழுவும் நாளில் பாம்பை விட்டு வைக்கவும் மருத்துவரிடம் கொண்டுபோகவும் அது உதவும்.

பில்லை மட்டும் விடாதீர்கள். பால் பைத்தான் சர்வதேச வணிகக் கட்டுப்பாட்டில் உள்ள இனம். 2024-இல் வந்த விதிகளின்படி அதை மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும். எங்கே வாங்கினீர்கள் என்ற கேள்வி வரும்போது பில்தான் பேசும். இதுவரை பதியவில்லை என்றால் மாவட்ட வன அலுவலகத்தில் நேரில் கேட்டு முடித்துவிடுங்கள்.

கேள்வி: வயலில் பிடித்த சாரைக் குட்டியைப் பக்கத்து வீட்டுப் பையன் பாட்டிலில் வைத்துத் தவளை போடுகிறான். நானும் ஒன்று வளர்க்கலாமா? மண்ணுளிப் பாம்பு வாங்கினால் லாபம் என்றும் ஒருவர் சொல்கிறார்.
– ஒரு வாசகர், விக்கிரமசிங்கபுரம்

பதில்: இரண்டும் கூடாது தம்பி. நம் நாட்டுப் பாம்புகளைப் பிடிப்பதும் வளர்ப்பதும் 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். மண்ணுளிக்கு இரண்டு தலையும் கிடையாது, அதிர்ஷ்டமும் கிடையாது. மழுங்கிய வால் தலைபோலத் தெரிகிறது, அவ்வளவுதான். முன்பணம் ஏதும் கொடுத்துவிடாதீர்கள். சாரைக் குட்டியைப் பற்றிப் பாபநாசம் வனத்துறையினரிடம் சொன்னால் அவர்களே காட்டோரம் விட்டுவிடுவார்கள். வீட்டுக்குள் பாம்பு புகுந்துவிட்டால் கம்பைத் தேடாமல் 101-க்கு அழையுங்கள், தீயணைப்புத் துறையினர் வந்து பிடிப்பார்கள்.