அறிவியல் பெட்டியும் ஒரு குச்சியும் – கடிதம்

வணக்கம் ஐயா,

காவேரிப்பட்டினத்தில் வசிக்கிறேன். என் மகன் ஆறாம் வகுப்புப் படிக்கிறான். அவனது பிறந்தநாளுக்கு இரண்டாயிரம் ரூபாய்க்கு மேல் கொடுத்து ஓர் அறிவியல் சோதனைப் பெட்டி வாங்கித் தந்தோம். ஒரே வாரத்தில் எல்லாச் சோதனைகளையும் முடித்துவிட்டான். பெட்டி இப்போது பரணில் கிடக்கிறது, அவன் அடுத்ததைக் கேட்கிறான். வாங்கலாமா? நான் வணிகவியல் படித்தவள். அவன் கேட்கும் பல கேள்விகளுக்கு எனக்குப் பதில் தெரிவதில்லை. இதனால் படிப்புக்குப் பயன் உண்டா என்று என் மாமனாரும் கேட்கிறார்.

– ஒரு வாசகி, கிருஷ்ணகிரி மாவட்டம்

அன்புள்ள சகோதரிக்கு,

அடுத்த பெட்டி வேண்டாம் என்பதே என் கருத்து. பெட்டிக்குள் கேள்வி, பொருள், செய்முறை, விடை ஆகிய நான்கும் முன்கூட்டியே அச்சிடப்பட்டு வந்துவிடுவதால், பிள்ளைக்கு மிஞ்சுவது கைவேலை மட்டுமே. முடிவு என்னவாகும் என்று ஊகிக்கவோ, ஊகம் பொய்த்தால் ஏன் என்று குழம்பவோ அதில் இடமில்லை. ஒரு வாரத்தில் முடித்தான் என்றால் அவன் சுறுசுறுப்பானவன் என்றுதான் பொருள், ஆர்வம் குறைந்தவன் என்றல்ல.

அச்சிட்ட விடையும் எப்போதும் சரியாக இருப்பதில்லை. தட்டில் நீர் ஊற்றி, நடுவில் எரியும் மெழுகுவத்தியை நிறுத்தி, கண்ணாடித் தம்ளரால் மூடும் சோதனையை உங்கள் மகன் செய்திருக்கக்கூடும். எரிந்து தீர்ந்த ஆக்சிஜனின் இடத்தை நீர் நிரப்புகிறது என்றுதான் பல கையேடுகள் விளக்குகின்றன. உண்மையில் ஆக்சிஜன் முழுவதும் தீரும் முன்பே சுடர் அணைந்துவிடுகிறது. சுடரின் வெப்பத்தால் விரிந்திருந்த காற்று குளிர்ந்து சுருங்குவதே நீர் ஏறுவதற்கு முதன்மையான காரணம். இதை அவனிடம் சொல்லிவிடாதீர்கள். அதே தம்ளருக்குள் ஒன்றுக்குப் பதில் மூன்று மெழுகுவத்திகளை ஏற்றினால் நீர் எவ்வளவு உயரும் என்று முதலில் எழுதி வைக்கச் சொல்லுங்கள். உள்ளே இருக்கும் ஆக்சிஜன் கூடவில்லை, ஆனால் நீர் முன்பைவிட உயரமாக ஏறும். கையேட்டின் விளக்கம் பொருந்தவில்லையே என்று அவனே வந்து கேட்பான். நெருப்பு இருப்பதால் நீங்கள் அருகில் இருங்கள்.

நான் பரிந்துரைப்பது இதைவிட எளியது, ஆனால் ஒரு வாரத்தில் முடியாதது. மொட்டை மாடியில் சமதளமான ஓரிடத்தில் ஒரு மீட்டர் உயரமுள்ள நேரான குச்சியை நட்டு, கொத்தனார் வைத்திருக்கும் தூக்குக்குண்டைக் கொண்டு அது செங்குத்தாக நிற்கிறதா என்று பாருங்கள். பதினொன்றரை மணியிலிருந்து ஒரு மணி வரை, ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை நிழலின் நுனியைச் சுண்ணக்கட்டியால் குறித்து, மிகக் குறுகிய நிழல் எத்தனை மணிக்கு விழுகிறது என்று அவன் கண்டுபிடிக்கட்டும். பன்னிரண்டு மணி என்றுதான் சொல்வான். ஆனால் உங்கள் ஊரில் ஆண்டின் பெரும்பகுதி அது பன்னிரண்டேகால் மணியை ஒட்டியே நிகழும். இந்தியாவின் பொது நேரம் 82.5 பாகைத் தீர்க்கரேகையை வைத்துக் கணக்கிடப்படுகிறது. கிருஷ்ணகிரிப் பகுதி அதற்கு மேற்கே 78.2 பாகையில் இருப்பதால் சூரியன் இங்கே உச்சிக்கு வரச் சராசரியாக 17 நிமிடங்கள் கூடுதலாகின்றன. மாதத்துக்கு மாதம் அந்த நேரமும் சற்று முன்பின்னாக நகரும். நவம்பர் தொடக்கத்தில் பன்னிரண்டை நெருங்கியும் பிப்ரவரியில் பன்னிரண்டரையை ஒட்டியும் வருவதை அவன் குறிப்பேடே காட்டும்.

இனி, நிழலின் திசை. நம் நாட்டில் நண்பகல் நிழல் வடக்கே விழும் என்று பொதுவாகச் சொல்லிவிடுகிறோம். மார்கழியில், டிசம்பர் 22 வாக்கில், ஒரு மீட்டர் குச்சிக்கு ஏறத்தாழ 72 செ.மீ. நிழல் வடக்கேதான் விழும். பின்னர் அது நாளுக்கு நாள் குறுகி, சித்திரையில், ஏப்ரல் 22, 23 வாக்கில், குச்சியின் அடிக்குள் மறைந்துவிடும். அதன் பிறகு தெற்கே நீளத் தொடங்கி, ஜூன் 21இல் ஏறத்தாழ 20 செ.மீ. அளவை எட்டி, மீண்டும் குறுகி, ஆகஸ்ட் 20ஐ ஒட்டி இரண்டாம் முறையாக மறையும். கடக ரேகைக்கு வடக்கே இருக்கும் டெல்லியில் ஒருநாளும் இது நடக்காது. அங்குள்ள பிள்ளைக்காக எழுதப்பட்ட கையேடு உங்கள் மகனுக்கு இதைச் சொல்லவும் சொல்லாது. மேகம் மறைக்கும் நாட்களை விட்டுவிடலாம், வாரம் ஒரு நண்பகல் போதும். சூரியனை நேராகப் பார்க்கக் கூடாது என்பது மட்டும் கண்டிப்பாக இருக்கட்டும்.

மாங்காய்ப் பருவத்தில் வேறொன்று. நன்கு விளைந்த காய் நீரில் மூழ்கும், விளையாதது மிதக்கும் என்பது பழைய சோதனை. பெங்களூரா, செந்தூரா என்ற இரு மா வகைகளுக்கும் அது ஒன்றுபோலப் பொருந்துகிறதா என்று வாளியில் போட்டுப் பார்த்து, காய்களுக்கு எண்ணிட்டு வைக்கோலில் வைத்தால், எது பழுக்கிறது, எது சுருங்குகிறது என்பது சில நாட்களில் தெரிந்துவிடும்.

உங்களுக்குப் பதில் தெரியாதது குறித்துக் கவலை வேண்டாம். தெரிந்தவர்கள் முந்திக்கொண்டு சொல்லிவிடுகிறார்கள். நானும் அந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவன்தான். "நீ என்ன நினைக்கிறாய், அதை எப்படிப் பார்க்கலாம்?" என்று கேட்பதற்கு இயற்பியல் பட்டம் தேவையில்லை. ஊகம், அளவு, தேதி மூன்றையும் ஒரு நோட்டில் எழுத வைப்பதும், தவறிய ஊகத்தை அழிக்க விடாமல் இருப்பதும் உங்கள் பொறுப்பு. பணம் செலவழித்தே ஆக வேண்டும் என்றால் ஓர் உருப்பெருக்கிக் கண்ணாடி, அளவு நாடா, பாதரசம் இல்லாத வெப்பமானி, சமையலறை மின்னணுத் தராசு ஆகியவற்றை வாங்குங்கள். இவை பரணுக்குப் போகாது.

உங்கள் மாமனாருக்கு: மதிப்பெண் கூடும் என்று நான் உறுதி தர மாட்டேன். ஆண்டு முழுவதும் நிழலை அளந்த பிள்ளைக்குக் கோணம், சராசரி, வரைபடம் எல்லாம் பாடத்தில் வரும்போது அந்நியமாக இருக்காது என்று மட்டும் சொல்வேன். அவருக்கு மாந்தோப்புப் பழக்கம் இருந்தால், வாளியில் போடும் முன் எந்தக் காய் மூழ்கும் என்று அவரும் தம் ஊகத்தைப் பேரனின் நோட்டில் எழுதட்டும்.