முதல் முறை நிரப்புகிறது, மறுமுறை ஃபியூஸ் போகிறது

கேள்வி: எங்கள் ரோபோவில் உள்ள 12 வோல்ட் கம்ப்ரசர், காலியான காற்றுத் தொட்டியைச் சிக்கலின்றி நிரப்பிவிடுகிறது. அழுத்தம் 95 பி.எஸ்.ஐ.க்கு (காற்றழுத்த அலகு) இறங்கி, ரோபோ ஓடும்போதே மீண்டும் இயங்கத் தொடங்கினால் 20 ஆம்பியர் ஃபியூஸ் போய்விடுகிறது. 30 ஆம்பியர் போடலாமா?

பதில்: வேண்டாம். ஃபியூஸ் இருப்பது கம்பியைக் காக்க. 20 ஆம்பியருக்கான கம்பியில் 30 போட்டால் அடுத்து உருகுவது கம்பியின் உறைதான்.

நேரடி ஷார்ட் சர்க்யூட் என்றால் முதல் முறையே போயிருக்கும். ஆகவே மோட்டார் கிளம்பத் திணறுகிறது என்றே சந்தேகிக்கிறேன். கிளம்பும் கணத்தில் எந்த மோட்டாரும் பல மடங்கு மின்சாரம் இழுக்கும். சட்டென்று சுழன்றுவிட்டால் ஃபியூஸ் பொறுத்துக்கொள்ளும். 20 ஆம்பியர் பிளேடு ஃபியூஸில் 40 ஆம்பியர் நீடித்தால் அதிகபட்சம் 5 வினாடிதான் தாங்கும். காலித் தொட்டியில் பிஸ்டனை எதிர்க்க அழுத்தம் இல்லை. மறுமுறை 95 பி.எஸ்.ஐ. அதன் தலையில் உட்கார்ந்திருக்கிறது. கூடவே சக்கர மோட்டார்கள் பேட்டரியை இழுத்து மின்னழுத்தத்தைக் குறைக்கின்றன.

ரோபோவை நிறுத்திவைத்து, தொட்டியில் அதே அழுத்தம் இருக்கும்போது கம்ப்ரசரை மட்டும் இயக்குங்கள். ஃபியூஸ் தாங்கினால், குறை இருப்பது மின்சாரப் பக்கத்தில். கிளம்பும் கணத்தில் பேட்டரி முனையிலும் கம்ப்ரசர் முனையிலும் மின்னழுத்தத்தை அளந்து பாருங்கள். வித்தியாசம் ஒரு வோல்ட்டைத் தாண்டினால் மெல்லிய கம்பி, தளர்ந்த இணைப்பு, தேய்ந்த ரிலே (கம்ப்ரசருக்கு மின்சாரத்தை இணைத்துத் துண்டிக்கும் சுவிட்ச்) ஆகியவற்றில் ஒன்றுதான் காரணம். ஃபியூஸ் தாங்கியையும் பாருங்கள். ஒரு காலைச் சுற்றி மட்டும் பிளாஸ்டிக் பழுத்திருந்தால், தளர்ந்த தொடர்பின் சூடே ஃபியூஸை உருக்குகிறது. பலரும் பார்க்கத் தவறும் இடம் இது.

நின்ற நிலையிலும் போகிறதா? அழுத்தத்தை முழுவதும் வெளியேற்றி, காற்றுக் குழாயைக் கழற்றிவிட்டு இயக்குங்கள். அப்போதும் போனால் மோட்டாரோ பிஸ்டனோ இறுகியிருக்கிறது. கம்ப்ரசரை மாற்றுவதே மேல். தாங்கினால், கம்ப்ரசருக்கும் தொட்டிக்கும் நடுவே ஒருவழி வால்வும், கம்ப்ரசர் நின்றதும் அதன் தலையில் தேங்கிய காற்றை வெளியேற்றும் சிறு வால்வும் பொருத்துங்கள்.

சக்கரங்கள் முழு வேகத்தில் இருக்கும்போது கம்ப்ரசர் கிளம்பாதபடி நிரலில் தடுப்பது செலவில்லாத வழி. ரோபோ போட்டிக்கானது என்றால், அதன் விதி அனுமதித்தால், தானாக மீளும் 20 ஆம்பியர் சர்க்யூட் பிரேக்கரும் ஃபியூஸுக்குப் பதிலாகப் போடலாம். ஆனால் காரணத்தைக் கண்டுபிடித்த பிறகு.