அமெரிக்கக் கிராமப்புறக் கவுன்டியில் பாராமெடிக் வேலை எப்படி?

கவுன்டியில் (நம்ம மாவட்டம் மாதிரி) ஓடும் தனியார் ஆம்புலன்ஸ் கம்பெனியில் பாராமெடிக்காக, அதாவது வண்டியிலேயே நோயாளிக்குச் சிகிச்சை கொடுப்பவராகச் சேரலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தொழில் கற்றுக்கொள்ள நல்ல இடம்தான். நகரத்தில் பத்து நிமிஷத்தில் ஆஸ்பத்திரி வந்துவிடும், இங்கே ஒரு மணி நேரம்கூட ஆகும், அதுவரை ஈசிஜி பார்ப்பது, ஐவி (டிரிப்ஸ்) போடுவது, மருந்து கொடுப்பது எல்லாம் பின்னால் தனியாக உட்கார்ந்திருக்கும் உங்கள் தலையில்தான், கூட வந்த ஈஎம்டி (அடிப்படை அவசர சிகிச்சைப் பயிற்சி மட்டும் பெற்றவர்) வண்டி ஓட்டிக்கொண்டிருப்பார்.

அப்புறம் பணம். நோயாளியை ஏற்றிக்கொண்டு போனால்தான் மெடிகேர் (முக்கியமாக முதியவர்களுக்கான அரசு மருத்துவக் காப்பீடு) காசு தரும். வீட்டிலேயே சரிசெய்துவிட்டுத் திரும்பினால் பெரும்பாலும் ஒன்றும் கிடையாது. அழைப்பே குறைவான இடத்தில் கம்பெனி எப்படிப் பிழைக்கும்? அதனால்தான் சின்ன ஆஸ்பத்திரியிலிருந்து பெரிய ஆஸ்பத்திரிக்கு நோயாளியை மாற்றும் ஓட்டம் அதிகம். நீங்கள் அப்படிப் போயிருக்கும்போது கவுன்டியில் வேறு வண்டி இருக்குமா என்று நேர்முகத்திலேயே கேளுங்கள். 24 மணி நேர ஷிப்டில் தூங்கும் நேரத்துக்குச் சம்பளம் உண்டா என்றும்.