அடிபட்ட நாய்க்குக் கூண்டு ஓய்வு: கேள்வி பதில்

அடிபட்ட நாயைத் தூக்கிக்கொண்டு மருத்துவமனைக்கு ஓட நிறையப் பேர் இருக்கிறார்கள். எலும்பு கூடும்வரை அதைக் கூண்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளத்தான் ஆள் கிடைப்பதில்லை. அந்தப் பொறுப்பை ஏற்றுக்கொண்டவர்கள் கேட்ட கேள்விகள் இவை. நான் கால்நடை மருத்துவர் இல்லை. இப்படிப்பட்ட நாய்களைப் பல வருடமாகத் தேற்றி அனுப்புகிறேன், அவ்வளவுதான். மருந்து, எக்ஸ்ரே விஷயத்தில் உங்கள் டாக்டர் சொல்வதுதான் முடிவு.

கேள்வி: இடுப்பெலும்பு முறிவு. ஆபரேஷன் வேண்டாம், ஆறு வாரம் கூண்டில் வையுங்கள் என்கிறார் டாக்டர். ஓடித் திரிந்த ஜீவனை அடைத்து வைப்பது பாவமில்லையா அக்கா?

பதில்: பாவமே இல்லை. இடுப்பைச் சுற்றித் தடித்த தசைகள் இருக்கின்றன. முறிந்த துண்டுகள் அதிகம் விலகாமல், தொடை எலும்பு பொருந்தும் குழியும் உடையாமல் இருந்தால், அந்தத் தசைகளே எலும்பை ஓரளவு பிடித்து வைத்துக்கொள்ளும். அதனால்தான் பல இடுப்பு முறிவுகளுக்கு ஓய்வை மட்டும் எழுதிக் கொடுக்கிறார்கள். உங்கள் நாய்க்கு அந்தக் கூண்டுதான் மருந்து. ஒன்றை மட்டும் கவனியுங்கள். இடுப்பெலும்பு விலகிக் கூடினால் மலம் வெளிவரும் வழி குறுகலாம். முக்கி முக்கி நின்றாலோ, மலம் நாடா போலத் தட்டையாக வந்தாலோ டாக்டரிடம் சொல்லுங்கள்.

கேள்வி: கூண்டு எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும்?

பதில்: தலை இடிக்காமல் நிற்க, திரும்ப, கால் நீட்டிப் படுக்க இடம் போதும். அதைவிடப் பெரிதாக இருந்தால் உள்ளேயே குதிக்க ஆரம்பித்துவிடும். தரை வழுக்கக் கூடாது. ரப்பர் விரிப்பு போட்டு அதன்மேல் தடித்த மெத்தை போடுங்கள். தானாகப் புரண்டு படுக்க முடியாத நாயை நாலு மணி நேரத்துக்கு ஒருமுறை பக்கம் மாற்றிப் படுக்க வையுங்கள். முழங்கையிலும் இடுப்பு முட்டிலும் முடி உதிர்ந்து தோல் சிவந்தால் படுக்கைப்புண் வரப்போகிறது என்று அர்த்தம்.

கேள்வி: தொடையில் பிளேட் வைத்து மூன்று வாரம் ஆகிறது. நாலு காலையும் ஊன்றி நடக்கிறது, வாலாட்டித் துள்ளுகிறது. இன்னும் அடைத்து வைக்க வேண்டுமா?

பதில்: கட்டாயம் வைக்க வேண்டும். இந்தக் கேள்விதான் எனக்கு அதிகம் வரும், ஏனென்றால் ஆபத்து தொடங்குவதே இங்கேதான். வலியும் வீக்கமும் முதல் இரண்டு வாரத்திலேயே பெரும்பாலும் வடிந்துவிடும். எலும்பு அவ்வளவு சீக்கிரம் கூடாது. வளர்ந்த நாய்க்கு எட்டு வாரமோ அதற்கு மேலோ ஆகும். குட்டிகளுக்கு நாலைந்து வாரத்தில் கூடிவிடுவதும் உண்டு. முறிவில் முதலில் உருவாகும் இணைப்பு மென்மையானது. அது கெட்டிப்படும்வரை உடம்பின் பாரத்தை பிளேட்டும் திருகுகளும்தான் தாங்குகின்றன. திரும்பத் திரும்பக் குதித்தால் உலோகமும் களைத்துப்போகும். பிளேட் வளையும், திருகு கழன்று வரும். அப்புறம் இரண்டாவது ஆபரேஷன், முதலாவதைவிடச் சிக்கலானது.

நான் பார்த்த ஒரு நாய், நொண்டக்கூட இல்லை. வாசல் மணி அடித்த சத்தத்தில் சோபாவிலிருந்து தாவியது. அன்று மாலை காலைத் தூக்கியபடி நின்றது. எக்ஸ்ரேயில் இரண்டு திருகுகள் வெளியே வந்திருந்தன.

ஆகவே நடையை வைத்து முடிவு எடுக்காதீர்கள், எக்ஸ்ரேயை வைத்து எடுங்கள். எலும்பு கூடிவிட்டது என்று டாக்டர் சொன்ன பிறகும் நேராக ஓடவிடக் கூடாது. கயிறு கட்டி மெதுவான ஐந்து நிமிட நடையில் தொடங்கி, வாரத்துக்குச் சில நிமிடமாகக் கூட்டுங்கள். இத்தனை நாள் உழைக்காத தொடை மெலிந்திருக்கும். பழையபடி தேறக் கொஞ்ச காலம் ஆகும்.

கேள்வி: ராத்திரி முழுக்க அழுகிறது. வலியா, பயமா?

பதில்: நீங்கள் பக்கத்தில் போய் உட்கார்ந்ததும் அடங்கினால் பெரும்பாலும் பயம், தனிமை. நீங்கள் இருந்தும் மூச்சிரைப்பு, நடுக்கம், ஒரு பக்கமாகப் படுக்க முடியாமல் தவிப்பு, பிடித்த உணவையும் ஒதுக்குவது என்றிருந்தால் வலி. உடனே டாக்டரைக் கேளுங்கள். பயத்துக்கு, முதல் சில நாள் கூண்டுக்குப் பக்கத்திலேயே படுங்கள். மூன்று பக்கமும் துணியால் மூடுங்கள், காற்றுக்கு ஒரு பக்கம் திறந்திருக்கட்டும். அப்படியும் கம்பியைக் கடித்து முட்டி மோதினால் அமைதிப்படுத்தும் மாத்திரை கேட்கத் தயங்காதீர்கள். மருந்து கொடுப்பது தோல்வி இல்லை. முட்டி மோதுகிற நாய்க்கு ஓய்வே கிடைப்பதில்லை.

கேள்வி: தெருவிலேயே வளர்ந்தது. கயிறு கட்டினால் சிறுநீர் கழிக்க மறுக்கிறது.

பதில்: மண்ணிலும் புல்லிலும் பழகிய நாய் டைல்ஸ் தரையில் போகவே போகாது. ஒரு தட்டில் மண்ணைக் கொட்டி, அதன் சிறுநீர் பட்ட துணியை மேலே போட்டுப் பாருங்கள். மெல்லிய துண்டை அடிவயிற்றுக்குக் கீழே கொடுத்து இரண்டு முனையையும் மேலே பிடித்தால் பின்னங்கால்களுக்குப் பாரம் குறையும். ஆண் நாய்க்குத் துண்டு குறியின்மேல் அழுத்தாமல் தொடையை ஒட்டிப் போடுங்கள்; அழுத்தினால் போக வராது. அரை நாளாகியும் ஒரு சொட்டு வரவில்லை என்றால் டாக்டருக்கு போன் செய்யுங்கள், ஒரு முழு நாள் காத்திருக்க வேண்டாம். முதுகிலோ இடுப்பிலோ அடிபட்ட நாய்க்குச் சிறுநீர்ப்பையின் கட்டுப்பாடே போயிருக்கலாம். எப்போதும் சொட்டிக்கொண்டே இருப்பதும் அதன் அறிகுறிதான், பை நிரம்பி வழிகிறது என்று பொருள்.

கேள்வி: நாங்கள் போடும் வலி மாத்திரையில் பாதி கொடுக்கலாமா?

பதில்: கூடாது. இபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் இரண்டும் நாயின் வயிற்றில் புண்ணையும் சிறுநீரகத்தில் பழுதையும் உண்டாக்கும். பாராசிட்டமாலும் உங்கள் இஷ்டத்துக்கு வேண்டாம். டாக்டர் கொடுத்த வலி மருந்திலும் வாந்தியோ, கறுப்பு மலமோ, சாப்பிட மறுப்பதோ தெரிந்தால் அடுத்த வேளையை நிறுத்திவிட்டுப் பேசுங்கள்.

கேள்வி: காலில் போட்ட கட்டு இறுக்கமாக இருக்கிறதா என்று எப்படித் தெரியும்?

பதில்: கட்டுக்கு வெளியே தெரியும் நடு இரண்டு விரல்களின் நகங்களைப் பாருங்கள். சாதாரணமாக ஒன்றையொன்று ஒட்டினாற்போல இருக்கும். விலகி விரிந்திருந்தால் உள்ளே வீங்குகிறது. விரல் சில்லென்று இருந்தாலோ, நாற்றம் வந்தாலோ, திடீரென்று கட்டைக் கடித்துக் குதறினாலோ அன்றைக்கே போய்ப் பிரித்துப் பார்க்க வேண்டும். காலையும் மாலையும் பாருங்கள். வெளியே போகும்போது பிளாஸ்டிக் பை மாட்டுங்கள், வந்ததும் கழற்றுங்கள். உள்ளே வியர்த்து ஈரமாகிவிடும்.

கேள்வி: துணி மாற்றும்போது உறுமி, ஒரு தடவை பல்லும் பட்டுவிட்டது. முரட்டு நாயா?

பதில்: முதலில் உங்களைப் பாருங்கள். ரத்தம் வந்ததா, கீறல்தானா என்று யோசிக்காமல் ஓடும் தண்ணீரில் சோப்பு போட்டு 15 நிமிடம் கழுவி, அன்றைக்கே மருத்துவரிடம் போங்கள். தடுப்பூசி விவரம் தெரியாத நாய் விஷயத்தில் வெறிநோயைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளவே கூடாது. மீட்பு வேலையில் அடிக்கடி இறங்குகிறவர்கள் முன்கூட்டியே ஊசி போட்டுக்கொள்வது நல்லது.

நாயைப் பொறுத்தவரை, அது வலிக்கிறது என்று சொல்கிறது. உறுமலுக்காக அதட்டாதீர்கள், அதட்டினால் உறுமாமலேயே கடிக்கப் பழகும். வலி மருந்து வேலை செய்யும் நேரத்தில் துணி மாற்றுங்கள், வாய்க்கூடு போடுங்கள். குழந்தைகளின் கை கூண்டுக்குள் போகவே வேண்டாம்.

கேள்வி: நாளெல்லாம் சும்மா கிடக்கிறதே, பாவமாக இருக்கிறது.

பதில்: மூக்குக்கு வேலை கொடுங்கள். உணவைத் தட்டில் வைக்காமல் பழைய துண்டில் சுருட்டிக் கொடுத்தால் முகர்ந்து பிரித்துச் சாப்பிடும். நக்கிச் சாப்பிடுகிற மாதிரி உறைய வைத்தும் கொடுக்கலாம். துணியை விழுங்குகிற நாயாக இருந்தால் பக்கத்திலேயே இருங்கள். நடமாட்டம் இல்லாததால் மொத்த அளவைக் கொஞ்சம் குறையுங்கள்; எடை ஏறினால் கூடுகிற எலும்புக்குத்தான் பாரம். ஒல்லியாக வந்த நாய்க்கு இது பொருந்தாது, அது முதலில் தேறட்டும்.

கேள்வி: என் தோழியின் நாய்க்கும் இடுப்பில்தான் ஆபரேஷன். அதைச் சில நாளிலேயே நடக்கச் சொல்கிறார்கள், என்னுடையதற்கு ஏன் ஓய்வு?

பதில்: அவருடையது தொடை எலும்பின் பந்து முனையை வெட்டி எடுத்த ஆபரேஷனாக இருக்கலாம். அங்கே கூட வேண்டிய எலும்பு இல்லை; தசையும் தழும்பும் சேர்ந்து புது மூட்டுப்போல வேலை செய்ய வேண்டும். அதற்குச் சீக்கிரம் நடந்தாக வேண்டும், அடைத்து வைத்தால் இறுகிவிடும். உங்களுடையது கூட வேண்டிய முறிவு. ஒரு நாய்க்குச் சொன்னதை இன்னொன்றுக்குச் செய்யாதீர்கள்.

கேள்வி: ஐந்தாவது வாரத்தில் தத்தெடுக்க நல்ல குடும்பம் வந்திருக்கிறது. இப்போதே கொடுக்கலாமா?

பதில்: அவர்கள் இதே கூண்டில், இதே ஒழுங்கில் மீதி வாரங்களைக் கடத்துவார்கள் என்று உறுதியாகத் தெரிந்தால் கொடுக்கலாம். எனக்கு அந்த உறுதி எளிதில் வராது. புது வீட்டில் பதற்றம் இருக்கும், எல்லோரும் தூக்கிக் கொஞ்சுவார்கள், படி இருக்கும். முடிந்தால் கடைசி எக்ஸ்ரே வரை நீங்களே வைத்திருங்கள். அவர்கள் வாரம் ஒருமுறை வந்து பக்கத்தில் உட்கார்ந்து பழகட்டும். கொடுக்கும் நாளில் எக்ஸ்ரே படங்கள், மருந்து வேளை, அடுத்த பரிசோதனைத் தேதி எல்லாவற்றையும் எழுதிக் கொடுங்கள். படுத்த துணியைத் துவைக்காமல் கூடவே அனுப்புங்கள், அந்த வாசனையில் முதல் ராத்திரி கொஞ்சம் தூங்கும்.