புண்ணைப் பார்த்து யார் தப்பு என்று சொல்ல முடியுமா?

கேள்வி: எனக்கு வயது 31. கல்யாணமாகி 6 வருடம். போன மாதம் பிறப்புறுப்பில் கொப்புளம் வந்து புண்ணாகிவிட்டது. சிறுநீர் கழித்தால் உயிர் போகிற எரிச்சல். டாக்டர் ஹெர்பிஸ் என்றார். கணவருக்கு ஒன்றும் இல்லை. "உனக்குத்தானே வந்திருக்கு" என்கிறார் மாமியார். என் சோப்பு, துண்டு, தட்டு எல்லாவற்றையும் தனியாக வைத்துவிட்டேன். இன்னொரு குழந்தை பெற்றுக்கொள்ளலாமா?

பதில்: முதலில் தட்டையும் துண்டையும் பழைய இடத்திலேயே வையுங்கள். ஹெர்பிஸ் ஒரு வைரஸ் தொற்று. தோலோடு தோல் உரசித்தான் பரவும். பாத்திரம், துணி, கழிப்பறை வழியாகத் தொற்றாது. பிள்ளையைத் தாராளமாக மடியில் வைத்துக்கொள்ளலாம். புண்ணைத் தொட்டால் மட்டும் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள், போதும்.

அப்புறம் மாமியார் விஷயம். அக்கி வந்தால் ஊரறியப் போய்ச் செம்மண் எழுதிக்கொண்டு வருகிறோம். அக்கியைக் கொண்டுவரும் வைரஸின் உறவுக்கார வைரஸான ஹெர்பிஸ் இடுப்புக்குக் கீழே வந்தால், பெண்கள் டாக்டரிடம்கூட "சூட்டுக் கொப்புளம்" என்றுதான் பேச்சைத் தொடங்குகிறார்கள்.

இந்த வைரஸ் தொற்றிய பெரும்பாலோருக்கு அடையாளமே தெரியாது. நரம்பு முடிச்சில் சத்தமில்லாமல் தங்கியிருக்கும். முதல் கொப்புளம் சில நாட்களிலும் கிளம்பலாம், பல வருடம் கழித்தும் கிளம்பலாம். கணவருக்குப் புண் இல்லை என்றால், கண்ணுக்குத் தெரிகிற புண் இல்லை, அவ்வளவுதான். இந்த வைரஸில் டைப் 1, டைப் 2 என்று இரண்டு வகை. சின்ன வயதில் யாரோ கொடுத்த முத்தத்தில் உதட்டுக்கு வந்த டைப் 1 வைரஸ், வாய்வழி உறவில் கீழே தொற்றுவதும் சாதாரணம். டைப் 2 ஆணிடமிருந்து பெண்ணுக்குத்தான் சுலபமாகப் போகும். உலக அளவில் அது இருக்கும் பெண்கள், ஆண்களைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. உடலமைப்பு செய்கிற வேலைக்கு நடத்தைச் சான்றிதழ் எழுதக் கூடாது.

ரத்தப் பரிசோதனையும் யார், எப்போது என்று சொல்லாது. ஐஜிஎம் (ரத்தத்தில் உள்ள ஒரு வகை எதிர்ப்புப் புரதம்) பாசிட்டிவ் என்றால் புதுத் தொற்று என்று சண்டை போடுகிறார்கள். பழைய தொற்று மறுபடி கிளம்பினாலும் அது பாசிட்டிவ் காட்டும். புண் ஈரமாக இருக்கும்போது அதிலிருந்தே எடுத்து, வைரஸின் மரபணுவைத் தேடும் பிசிஆர் பரிசோதனையில் எந்த டைப் என்று தெரியும். டைப் 1 என்றால் பிறப்புறுப்பில் அடிக்கடி திரும்பி வராது.

வைரஸை அடியோடு ஒழிக்க மருந்து இல்லை, அடக்கி வைக்க இருக்கிறது. முதல் முறைக்கு அசைக்ளோவிர் 400 மில்லிகிராம், தினம் 3 வேளை, 7 முதல் 10 நாள் வரை தருவார்கள். அடிக்கடி வந்தால் தினசரி மாத்திரை உண்டு. புண் இருக்கும்போதும், வரப்போகிறது என்று சுருக்கென்று குத்தும்போதும் உறவு வேண்டாம். ஆணுறை அபாயத்தைக் குறைக்கும், முழுக்கத் தடுக்காது. மஞ்சள், வேப்பிலை அரைத்துப் பூசாதீர்கள், எரிச்சல்தான் கூடும்.

குழந்தை? தாராளமாகப் பெற்றுக்கொள்ளலாம். கர்ப்பத்தின் கடைசி மாதங்களில் முதல்முறையாகத் தொற்றினால்தான் சிசுவுக்கு ஆபத்து அதிகம். உங்களுக்கு ஏற்கெனவே இருப்பதால் உங்கள் எதிர்ப்புச் சக்தி பிள்ளைக்கும் போகும். மகப்பேறு மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். 36 வாரத்திலிருந்து மாத்திரை தருவார். பிரசவ வலி வரும்போது புண்ணோ, வரப்போகிறது என்ற குத்தலோ இருந்தால் மட்டும் சிசேரியன். மார்பில் புண் இல்லையென்றால் தாய்ப்பாலும் கொடுக்கலாம்.

எச்ஐவி, சிஃபிலிஸ் பரிசோதனையை இருவரும் செய்துகொள்ளுங்கள். அரசு மருத்துவமனை நம்பிக்கை மையத்தில் (எச்ஐவி ஆலோசனை, பரிசோதனை மையம்) இலவசம், விவரம் வெளியே போகாது. தயக்கமாக இருந்தால் 1097 என்ற எச்ஐவி உதவி எண்ணுக்கு முதலில் பேசிப் பாருங்கள், கட்டணம் இல்லை. கணவரை அடுத்த முறை டாக்டரிடம் கூட்டிப்போய், இதையெல்லாம் டாக்டர் வாயாலேயே கேட்கவையுங்கள். மாமியாருக்கு ரிப்போர்ட் காட்ட வேண்டிய அவசியம் உங்களுக்கு இல்லை.