சராசரி உறையும் கைக்கு வரும் உறையும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஒருவரை வெளியேற்றினால் பரிசு தரும் பவுண்டி போக்கர் போட்டிகளைப் பற்றித் தாங்கள் முன்பு எழுதிய கட்டுரையில், அந்தப் பரிசு உறைகளில் மறைந்திருக்கும் மிஸ்டரி பவுண்டி வகைப் போட்டியில் எதிராளியின் தலைக்கு என்ன விலை என்பதை மீதமுள்ள உறைகளின் சராசரியைக் கொண்டே கணக்கிட வேண்டும் என்று சொல்லியிருந்தீர்கள். நான் அமெரிக்காவில் பணிபுரிகிறேன். ஆண்டுதோறும் கோடையில் லாஸ் வேகஸ் சென்று இத்தகைய போட்டிகளில் ஆடுகிறேன். தங்கள் அறிவுரைப்படி ஆடியதில் பலரை வெளியேற்றியிருக்கிறேன்; ஆனால் நான் எடுத்த ஒவ்வொரு உறையிலும் இருந்தது மிகக் குறைந்த தொகையே. பெட்டியிலுள்ள உறைகளில் பெரும்பாலானவற்றில் சராசரியில் பாதிகூட இல்லை என்பது விடுதி ஒட்டும் பட்டியலைப் பார்த்தாலே தெரிகிறது. அப்படியிருக்க, ஒருபோதும் கைக்கு வராத சராசரியை நம்பிப் பலவீனமான சீட்டுகளோடு கால் செய்வது, அதாவது எதிராளி கட்டியதற்கு ஈடாகக் கட்டி ஆட்டத்தில் தொடர்வது, ஏட்டுச் சுரைக்காயை நம்பி உலை வைப்பது போல் அல்லவா? சாதாரணமாகக் கிடைக்கும் சிறிய தொகையை வைத்துக் கணக்கிடுவதுதானே விவேகம்?

இன்னும் இரண்டு ஐயங்கள். இவ்வகைப் போட்டிகளில் தாமதமாகப் பதிவு செய்து நுழைவது சரியா? பெரிய உறையை வேறொருவர் எடுத்துவிட்ட பிறகு ஆட்டத்தை எப்படி மாற்றிக்கொள்ள வேண்டும்?

அன்புடன்,
ஆர்.

அன்புள்ள ஆர்.,

இவ்வடிவம் புதிதாக இருக்கும் வாசகர்களுக்காக இரண்டு வரிகள். சாதாரண பவுண்டி போட்டியில் ஒருவரை வெளியேற்றினால் கிடைக்கும் தொகை முன்கூட்டியே தெரியும். மிஸ்டரி பவுண்டியிலோ நுழைவுக் கட்டணத்தின் ஒரு பகுதி வெவ்வேறு தொகைகளாகப் பிரிக்கப்பட்டு உறைகளில் இடப்படுகிறது. போட்டி ஒரு கட்டத்தை எட்டிய பிறகு, பெரும்பாலும் இரண்டாம் நாளில், ஒருவரை வெளியேற்றுபவர் ஒரு உறையை எடுக்கிறார். 2021இல் லாஸ் வேகஸின் வின் விடுதியில் நடந்த போட்டிக்குப் பிறகு இது பரவியது. 2022இல் வேர்ல்ட் சீரிஸ் ஆஃப் போக்கர் 1,000 டாலர் கட்டணத்தில் நடத்திய போட்டியில் மாட் கிளான்ட்ஸ் என்ற அனுபவமிக்க ஆட்டக்காரர் பத்து லட்சம் டாலர் பரிசை எடுத்தார். (இந்தியாவிலிருந்து வாசிப்பவர்கள் கவனிக்க: 2025 ஆகஸ்டில் நிறைவேறிய சட்டம் பணம் கட்டி ஆடும் இணைய விளையாட்டுகளைத் தடைசெய்கிறது. நான் பேசுவது லாஸ் வேகஸில் மேசையில் அமர்ந்து ஆடும் போட்டிகளைப் பற்றி.)

தங்கள் கேள்விக்கு ஒரு கற்பனைப் போட்டியை வைத்துப் பதில் சொல்கிறேன். ஆயிரம் பேர் ஆளுக்கு 1,000 டாலர் கட்டுகிறார்கள். விடுதியின் பங்கை ஒதுக்கிவிடுவோம். பாதி சாதாரணப் பரிசுகளுக்கும் பாதி உறைகளுக்கும் செல்கிறது. தொடக்கத்தில் ஆளுக்கு 50,000 சிப்கள் (பந்தய வில்லைகள்) என்பதால் ஆட்டத்தில் மொத்தம் ஐந்து கோடி சிப்கள் உள்ளன. 150 பேர் மிஞ்சும்போது பரிசுக் கட்டமும் பவுண்டி கட்டமும் ஒன்றாகத் தொடங்குகின்றன. பெட்டியில் 150 உறைகள்: ஒன்றில் 1,00,000 டாலர், நான்கில் 25,000, இருபதில் 5,000, மீதி 125இல் 1,600. கூட்டினால் 5,00,000 டாலர், சராசரி 3,333. ஆறு உறைகளில் ஐந்தில் 1,600தான் இருக்கிறது. தாங்கள் பட்டியலில் பார்த்தது இதுதான்.

இந்த 3,333 டாலரைச் சிப்களாக மாற்ற வேண்டும். அந்தக் கட்டத்தில் பத்து லட்சம் டாலர் முழுவதும் இன்னும் வழங்கப்படாமல் இருக்கிறது. அதை ஐந்து கோடி சிப்களால் வகுத்தால் ஒரு சிப்புக்கு இரண்டு சென்ட். ஆகவே ஒரு சராசரி உறை ஏறத்தாழ 1,66,667 சிப்களுக்குச் சமம், அதாவது சராசரி ஆட்டக்காரர் ஒருவரிடமுள்ள சிப்களில் சரிபாதி. பலர் சாதாரணப் பரிசுத் தொகையை மட்டும் சிப்களால் வகுத்து, உறையின் மதிப்பை இதைப்போல் இருமடங்காகக் காண்கிறார்கள். கையிலுள்ள சிப்களே இனி வரும் உறைகளை வெல்லும் கருவி என்பதால் அவற்றின் மதிப்பிலும் உறைகளின் பங்கு சேர வேண்டும். அதை மறப்பவர்கள் அளவுக்கு மீறி கால் செய்வார்கள்.

இப்போது ஒரு கை. சீட்டைப் பார்க்கும் முன்பே இருவர் கட்டாயமாக இடும் பிளைண்ட் 10,000, 20,000; கூடுதல் கட்டாயத் தொகையான ஆன்டி 20,000. பட்டன் (சீட்டு பகிர்பவரின்) இடத்திலிருப்பவர் தம்மிடமுள்ள 2,00,000 சிப்களையும் ஆல்-இன் செய்கிறார், அதாவது முழுவதையும் பணயம் வைக்கிறார். 10,000 இட்ட ஸ்மால் பிளைண்ட் ஒதுங்கிவிட்டார். 20,000 இட்ட பிக் பிளைண்டில் இருக்கும் தங்களிடம் அவரைவிட அதிகச் சிப்கள் உள்ளன. நடுவில் 2,50,000 கிடக்கிறது. தாங்கள் மேலும் 1,80,000 இட வேண்டும். உறையே இல்லாத போட்டியில் இங்கே கால் செய்ய ஏறத்தாழ 42 சதவீத வெற்றி வாய்ப்பு வேண்டும். சராசரி உறையைச் சேர்த்தால் 30 சதவீதம் போதும். தாங்கள் சொல்லும் 1,600 டாலரை மட்டும் சேர்த்தால் 35 சதவீதம் வேண்டும். போக்கரின் மிக மோசமான கை என்று சொல்லப்படும், சின்னம் பொருந்தாத ஏழும் இரண்டும்கூட, ஏதோவொரு கைக்கு எதிராக ஏறத்தாழ 35 சதவீதம் வெல்லும் என்பதை நினைவில் கொண்டால், இந்த எல்லைகள் எவ்வளவு தாழ்ந்தவை என்பது விளங்கும். ஆனால் ஆல்-இன் செய்தவர் பொதுவாக ஏதோவொரு கையோடு வருவதில்லை. அவர் தேர்ந்தெடுத்த கைகளுக்கு எதிராகவே தங்கள் வாய்ப்பை அளக்க வேண்டும்.

30க்கும் 35க்கும் இடைப்பட்ட கைகளில்தான் நமது கருத்து வேறுபாடு இருக்கிறது. 33 சதவீத வாய்ப்புள்ள ஒரு கையைத் தாங்கள் ஃபோல்ட் செய்து ஒதுங்கினால், ஒவ்வொரு முறையும் ஏறத்தாழ 16,900 சிப்களை, அதாவது 338 டாலரை மேசையிலேயே விட்டுச் செல்கிறீர்கள். கட்டணமே 1,000 டாலர் என்னும்போது இது சிறிய தொகை அன்று. பெரிய உறை தங்களுக்குக் கிடைக்காது என்று முடிவு செய்துகொள்வதால் அது பெட்டியிலிருந்து மறைந்துவிடுவதில்லை. அதை எடுக்கும் வாய்ப்பை அடுத்த மேசைக்காரருக்கு விட்டுக்கொடுத்திருக்கிறீர்கள். எனவே மேசையில் சராசரியே சரி என்பதில் எனக்கு ஐயமில்லை.

ஆயினும் தங்கள் மனக்குறை வெறும் புலம்பல் அன்று; அதற்குரிய இடம் மேசை அன்று, பதிவு செய்யும் சாளரம். மேற்கண்ட போட்டியில் முதல் ஐந்து உறைகளில் மட்டும் 2,00,000 டாலர் இருக்கிறது. அந்த ஐந்தையும் நீக்கிவிட்டால் கட்டப்பட்ட ஒவ்வொரு டாலருக்கும் 80 சென்ட்தான் திரும்பி வருகிறது. அதாவது, மற்றவர்களைவிடத் தெளிவாக நன்றாக ஆடும் ஒருவர்கூட, அந்த ஐந்தில் ஒன்று கிடைக்காதவரை ஆண்டுக்கணக்கில் நட்டக்காரராகவே காட்சியளிக்கலாம். ஆயிரம் பேரில் ஐந்து உறைகள் என்றால் அவை கிடைக்காமல் போவதே இயல்பு. கோடையில் மட்டும் ஆடுபவர் தம் வாழ்நாளில் ஆடப்போகும் போட்டிகளின் எண்ணிக்கை, இந்தச் சராசரி நிலைபெறுவதற்குப் போதுமானது அன்று. ஆகவே சாதாரணப் போட்டிக்கு ஒதுக்குவதைவிடச் சிறிய கட்டணத்தில் ஆடுவது, அல்லது தங்கள் பங்கில் ஒரு பகுதியை நண்பர்களுக்கு விற்றுவிட்டு ஆடுவது, இவற்றில்தான் விவேகம் இருக்க வேண்டும். கட்டணம் கட்டிய பிறகு வரும் எச்சரிக்கை இரட்டை நட்டம் தரும்: பெரிய ஏற்றத்தாழ்வையும் சுமக்கிறீர்கள், அதற்குரிய பலனையும் துறக்கிறீர்கள்.

சராசரியை நம்பச் சொல்லும்போது ஒரு வரம்பையும் சொல்ல வேண்டும். யாரை வெளியேற்றினாலும் ஒரே பெட்டியிலிருந்துதான் உறை வருகிறது. பிக் பிளைண்ட் தொகையைப்போல் மூன்று மடங்கு மட்டுமே சிப்கள் வைத்திருப்பவரின் தலைக்கும் முப்பது மடங்கு வைத்திருப்பவரின் தலைக்கும் விலை ஒன்றே. எனவே மேற்கண்ட சலுகையெல்லாம் சிறிய ஸ்டாக் (கையிலுள்ள சிப்களின் குவியல்) உள்ளவருக்கு எதிராகவே பெரிதாகத் தெரியும். பெரிய ஸ்டாக்கோடு மோதும்போது இட வேண்டிய சிப்களோடு ஒப்பிட்டால் உறை அற்பமாகிவிடும். கடித உறைக்காக நாற்பது பிக் பிளைண்டைப் பணயம் வைப்பவர்களை எல்லாக் கோடையிலும் காணலாம், அவர்களுக்கு நாம் நன்றி சொல்ல வேண்டும். மேலும், எதிராளியைவிட அதிகச் சிப்கள் வைத்திருப்பவருக்கே உறை. தாங்கள் சிறிய ஸ்டாக்கோடு இருக்கும்போது நிலைமை தலைகீழாகிறது: எல்லோரும் தங்களைத் துரத்துவதால், ஆல்-இன் செய்து பயமுறுத்தி பிளைண்டைத் திருடும் வழி அடைபடுகிறது. ஒருவர் நிச்சயம் கால் செய்வார் என்று எண்ணியே சிப்களை நகர்த்த வேண்டும்; ஒன்பதும் எட்டும் ஒரே சின்னத்தில் இருப்பதைவிட, எதுவும் பொருந்தாமலேயே வெல்லக்கூடிய ஏஸ் ஒன்று அங்கே மேல்.

ஒருவர் ஆல்-இன் செய்திருக்கும்போது மூன்றாமவர் வெறும் கால் செய்து உள்ளே வருவதும் பெரிய பிழை. உறை ஒருவருக்குத்தான் கிடைக்கும்; கூடுதலாக ஒருவர் வந்தால் தங்கள் பங்கு குறைகிறது. நல்ல கை இருந்தால் ரெய்ஸ் செய்து, அதாவது பந்தயத்தை உயர்த்தி, மற்றவர்களை வெளியேற்றிவிட்டு, அவரைத் தனியாகச் சந்திக்க வேண்டும்.

தாமதமாக நுழைவதைப் பற்றி: முதல் கையிலிருந்தே தலைக்குத் தொகை உள்ள பவுண்டி போட்டியில் தாமதமாக வருபவர் பல தலைகளை இழந்துவிடுகிறார். இங்கே தொடக்கக் கட்டத்தில் உறை இல்லை என்பதால் அந்த இழப்பும் இல்லை. ஆனாலும் கடைசி நிமிடத்தில் வந்து பத்துப் பதினைந்து பிக் பிளைண்டோடு ஆடத் தொடங்குபவர், பவுண்டி கட்டத்தை எட்டினாலும் பெரும்பாலும் பிறர் எடுக்கும் உறையாகவே எட்டுவார். அந்தக் கட்டத்தின் வாசலில் சிறிய ஸ்டாக்கோடு ஒட்டிக்கொண்டு தப்பிப்பதைவிட, அதற்குச் சற்று முன்பே துணிந்து ஆடிப் பெரிய ஸ்டாக்கைச் சேர்க்க முயல்வது இவ்வகைப் போட்டியில் கூடுதல் பலன் தரும். தாங்கள் நன்றாக ஆடுபவர் என்றால் நேரத்தோடு போய் உட்காருங்கள்.

கடைசிக் கேள்விக்கு வருகிறேன். நமது போட்டியில் முப்பது பேர் மிஞ்சியிருப்பதாகவும், சாதாரணப் பரிசுகளில் 3,50,000 டாலர் பாக்கி இருப்பதாகவும் கொள்வோம். பெட்டியில் 1,00,000 உறையோடு ஒரு 25,000, நான்கு 5,000, இருபத்து நான்கு 1,600 உறைகள் இருந்தால் சராசரி 6,113 டாலர். சிப்களில் அது சராசரி ஸ்டாக்கில் மூன்றில் ஒரு பங்கு. அந்தப் பெரிய உறை போய் அதனிடத்தில் 1,600 உறை ஒன்று இருந்தால் சராசரி 2,833 டாலர். ஸ்டாக்கில் ஐந்தில் ஒரு பங்கு. ஆக, பெரிய உறை போன பிறகும் ஆட்டம் சாதாரணப் போட்டியாக மாறிவிடுவதில்லை, ஆனால் கால் செய்யும் கைகளைத் தெளிவாகக் குறைக்க வேண்டும். அதே வேளையில் பரிசுப் படிகளுக்கு இடையிலான வித்தியாசமும் ஏறிக்கொண்டே வருவதால், இழக்கும் சிப் ஒவ்வொன்றும் வெல்லும் சிப்பைவிட மதிப்பு மிக்கதாகிறது. மேலே காட்டிய நேர்க்கணக்கில் கிடைக்கும் எல்லைக்குச் சில சதவீதம் கூட்டியே கால் செய்ய வேண்டும். எடுக்கப்பட்ட உறைகளை விடுதி பலகையில் அழித்துக்கொண்டே வரும். இடைவேளைகளில் அதைப் பார்த்து மீதித் தொகையை மீதி ஆட்களால் வகுத்துக்கொள்வதற்கு ஒரு நிமிடம் போதும். இதைச் செய்பவர்கள் வியப்பூட்டும் அளவுக்குக் குறைவு.

கடைசி இருவர் மிஞ்சும்போது, வெற்றியாளர் தம் தலைக்குரிய உறையையும் பெறும் போட்டிகளில் இரண்டு உறைகள் ஒருவருக்கே செல்கின்றன. அப்போது பரிசைப் பகிர்ந்துகொள்ள எதிராளி ஒப்பந்தம் பேச வந்தால், அவர் நீட்டும் கணக்கில் அந்த இரண்டு உறைகளும் சேர்ந்திருக்கின்றனவா என்பதை முதலில் கேளுங்கள்.

அன்புடன்.