தொலைபேசி லைனில் தாமதம் வேறு, திரிபு வேறு: வாசகர் கேள்விகள்

கே: 1000 ஹெர்ட்ஸில் ஃபேஸ் (அலையின் கட்டம்) 90 டிகிரி தள்ளிப்போகிறது. இது திரிபா?

டிகிரியை மட்டும் வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. அதிர்வெண் ஏற ஏற ஃபேஸும் அதே விகிதத்தில் ஏறினால் அது வெறும் தாமதம். அந்தக் கோடு வளைந்தால்தான் திரிபு.

கே: எங்கள் லைனில் தாமதம் 200 மில்லிசெகண்ட். பரவாயில்லையா?

ஒரு வழியா, போய்த் திரும்பவா? எத்தனை முறை கேட்டாலும் இதை எழுதாமலே அனுப்புகிறீர்கள். சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் ஜி.114 பரிந்துரை சொல்வது ஒரு வழிக் கணக்கு: 150 மில்லிசெகண்ட் வரை பேச்சுக்குச் சிக்கல் இல்லை, 400-ஐத் தாண்டக் கூடாது. உங்கள் 200 போய்த் திரும்பும் நேரம் என்றால் கவலையே வேண்டாம்.

கே: 300 முதல் 3400 ஹெர்ட்ஸ் வரை லெவல் (சிக்னலின் வலு) ஒரு டெசிபலுக்குள் நிற்கிறது. பேச்சும் தெளிவு. மோடம் மட்டும் பிழையாகக் கொட்டுகிறது. மோடத்தை மாற்றலாமா?

மாற்றாதீர்கள்! லெவலை மட்டும் அளந்துவிட்டு 'லைன் நல்ல லைன்' என்று எழுதித் தரும் பழக்கம் எப்போது ஒழியுமோ. லெவல் மீட்டருக்கு ஃபேஸ் தெரியாது. காதும் அதை அவ்வளவாகக் கண்டுகொள்ளாது. மோடத்துக்குத் தெரியும். 2400 பாடில், அதாவது செகண்டுக்கு 2400 சிம்பல் (மோடம் அனுப்பும் குறி) போகும்போது, ஒரு சிம்பலுக்குக் கிடைப்பது சுமார் 0.4 மில்லிசெகண்ட். பேண்டின் ஓரங்கள் நடுப்பகுதியைவிட 2 மில்லிசெகண்ட் பிந்தி வந்தால், ஒரு சிம்பலின் மிச்சம் அடுத்த நாலைந்தின் மேல் விழுகிறது. அப்புறம் எந்த மோடம் வந்தாலும் தடுமாறத்தான் செய்யும்.

நானே இப்படி ஒரு சர்க்யூட்டில் இரண்டு நாள் கார்டு கார்டாக மாற்றிப் பார்த்தேன். லெவல் தாளில் கோடு ஸ்கேல் வைத்து வரைந்ததுபோல் இருந்தது. மூன்றாம் நாள்தான் குரூப் டிலே, அதாவது பேண்டின் ஒவ்வொரு பகுதியும் எவ்வளவு பிந்தி வருகிறது என்பதை அளந்தோம். வழியில் மூன்று இடங்களில் சேனலைப் பிரித்து மறுபடி கோத்திருந்தார்கள். ஒவ்வொரு இடத்திலும் ஃபில்டர். ஒவ்வொன்றின் தாமதமும் அடுத்ததோடு கூடிக்கொண்டே வந்திருக்கிறது. டிலே ஈக்வலைசர் போட்டதும் பிழை நின்றது. அது ஓரங்களை வேகப்படுத்தாது. நடுவைப் பிந்த வைத்துச் சமன் செய்யும். அதனால் மொத்தத் தாமதம் கொஞ்சம் கூடும், கூடட்டும். லெவலோடு குரூப் டிலேயையும் அளந்து எழுதுங்கள்.

கே: சாட்டிலைட் தாமதத்தால் எக்கோ வருகிறது. எப்படிக் குறைப்பது?

தாமதம் எக்கோவை உண்டாக்காது, காதில் படவைக்கும், அவ்வளவுதான். நான்கு கம்பி இரண்டு கம்பியாக மாறும் ஹைப்ரிடில் பேலன்ஸ் சரியில்லாததால்தான் குரல் திரும்புகிறது. சாட்டிலைட் 36,000 கிலோமீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஏறி இறங்கக் கால் செகண்ட், உங்கள் குரல் உங்களுக்கே திரும்பி வர அரை செகண்ட். உங்கள் குரலே உங்களுக்குக் கேட்டால் கோளாறு எதிர்முனையில். அங்குள்ள ஹைப்ரிடையும், திரும்பும் குரலை அழிக்கும் எக்கோ கேன்சலரையும் பார்க்கச் சொல்லுங்கள்.

கே: டிஎஸ்எல் (தொலைபேசிக் கம்பி வழி இணையம்) போடுகிறோம். பழைய கேபிளில் பேச்சுக்காகச் சேர்த்த லோடிங் காயில் (கம்பிச் சுருள்) இருக்கலாமா?

கூடாது. எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள்.

கே: ஃபைபருக்கு மாறினால் தாமதம் போய்விடுமா?

ஃபைபரிலும் கிலோமீட்டருக்கு 5 மைக்ரோசெகண்ட் ஆகும். 1000 கிலோமீட்டருக்கு 5 மில்லிசெகண்ட். ஐபி ஃபோனில் பாக்கெட் கட்டவே பெரும்பாலும் 20 மில்லிசெகண்ட் போகிறது, பாக்கெட்டுகள் முன்பின்னாக வருவதைச் சமன் செய்யக் காத்துவைக்கும் ஜிட்டர் பஃபர் அதற்கு மேல். முதலில் அங்கே பாருங்கள். அளந்து எழுதும்போது ஒரு வழியா, போய்த் திரும்பவா என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.